கண்ணாடி இல்லாத படங்கள்

என் வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. படச்சட்டம் போடும் கடை வைத்திருப்பவள் நான். எங்கள் கல்யாணப் படத்தைக்கூட நான்தான் மாட்டினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொன்னதோடு சரி. அப்படிப்பட்ட மனிதர் தச்சரிடம் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிவந்து, மகளின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறார் என்றால் எனக்கு மூக்கில் வியர்க்காதா?

"உள்ள என்னதான் பண்றீங்க?"

"புள்ள நாளைக்கு வீட்டுக்கு வர்றால்ல. ரூம அலங்காரம் பண்றேன். எல்லாம் விளையாட்டுப் படம்."

விளையாட்டுப் படமாம்! மகள் உயரம் தாண்டுகிறவள். வீட்டில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பேர். "குதிச்சு என்னத்தக் கண்ட?" என்று ஆயிரம் தடவை கேட்டவர் இவர். ஒரு போட்டிக்கு வந்ததில்லை, ஒரு பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. பயிற்சியில் தப்பாக விழுந்து முட்டி பிசகி, ஆபரேஷன் முடிந்து அவள் ஆஸ்பத்திரியில் என் தங்கையின் துணையில் கிடக்கும்போது இவருக்கு விளையாட்டின் மேல் பாசம் பொங்கிவிட்டதாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்க அவர் தச்சர் கடைக்குப் போனதும் உள்ளே நுழைந்தேன்.

கட்டில் தலைமாட்டில் ஒரு ஃபுட்பால்காரன். அடுத்து டென்னிஸ், சைக்கிள், நீச்சல், கடைசியில் பாத்ரூம் கதவோரமாகக் குத்துச்சண்டை. எல்லாம் ஒரே வரிசையில், என் இடுப்பு உயரத்தில். படத்தைக் கண் மட்டத்தில் மாட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இருபது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு அதுகூடத் தெரியாதா?

சட்டத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆளுயர நிலைக்கண்ணாடிக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த தேக்கு! கேட்காமல் எடுத்து, இந்தக் காகிதப் படங்களுக்குப் போட்டிருக்கிறார். எதிலும் கண்ணாடி இல்லை. ஒரு படத்துக்கு ஓர் ஆணி போதும். இவர் மேலும் கீழுமாக விரல் தடிமனுக்கு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கட்டை வைத்து, கை நுழையும் அளவுக்கு இடைவெளி வேறு.

எல்லா விளையாட்டும் இருந்தது. உயரம் தாண்டுவது மட்டும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. என் நாத்தனார் மகன் ஒரு ஃபுட்பால் பைத்தியம். "காலேஜ் உங்க வீட்டுக்குப் பக்கத்துலதானே அண்ணி?" என்று போன மாதமே நாத்தனார் இழுத்துப் பேசினாள். அவன் குள்ளம் வேறு. அதனால்தான் படமெல்லாம் கீழே. கால் ஊன்ற முடியாமல் வருகிறவளை ஹாலில் படுக்கப் போட்டுவிட்டு, அவள் அறையை தங்கை மகனுக்குத் தாரை வார்க்கப் பார்க்கிறாரா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

ஃபுட்பால்காரனைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையையும் சட்டத்துக்குப் பின்னால் கொடுத்து, சுவரில் காலை ஊன்றி, மொத்த உடம்பையும் போட்டுத் தொங்கினேன். ம்ஹூம்.

"உன்னையே தாங்குதுன்னா, அவளத் தாங்கும்."

வாசலில் அவர் நின்றிருந்தார். கிண்டலாகச் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. குரல் பாதியிலேயே உடைந்தது.

நான் சட்டத்தை விடவில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவுவரை அந்த வரிசையை மறுபடி பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் நோயாளிகள் பிடித்து நடக்க இதே உயரத்தில் ஒரு கம்பி ஓடும். "இந்த மாதிரிக் கம்பிய வீட்டுல மாட்டுனீங்கன்னா நான் வரவே மாட்டேன், சித்தி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மகள் கத்தியது நினைவுக்கு வந்தது.

"கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்னு டாக்டர் சொன்னதாத்தானே சொன்னீங்க? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஸ்க்ரூ?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "டாக்டர் கூப்பிட்ட அன்னிக்கு நீ கடையில இருந்த. என்கிட்டதான் சொன்னாரு. நடந்துருவாளாம், ஆனா ரொம்ப நாள் ஆகும். பிடிச்சுப் பிடிச்சுத்தான் பழகணும். குதிக்கிறத மறந்துடுங்கன்னாரு."

எனக்கு அழுகை முந்தியதா, கோபம் முந்தியதா, தெரியவில்லை. "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உன் மூஞ்சியப் பார்த்தே அவ கண்டுபிடிச்சுருவா. மெதுவாச் சொல்லிக்கலாம். இப்போதைக்கு இது வெறும் படம். என்ன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் தலையாட்டினேன். அந்த மனிதரின் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன.

மறுநாள் வெட்டுக்கிளி ஊன்றுகோல்களோடு வந்தாள். அறை வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு, அப்பாவோட அலங்காரம்?" என்று அவர் சிரித்தார். நான் தலையணையைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஃபுட்பால் படத்தின் முகப்பை விரலால் தொட்டாள். பிறகு ஓரமாகக் குனிந்து சட்டத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். என் கடையில் சட்டத் துண்டுகளை வைத்து விளையாடி வளர்ந்த பெண். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருந்தோம், அவரும் நானும்.

"கண்ணாடி இல்ல. ஒரு படத்துக்கு இத்தனை ஸ்க்ரூ" என்றாள். "உயரம் தாண்டுறதயும் காணோம். டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். நடப்பதைச் சொன்னேன், குதிப்பதையும் சொன்னேன். பொய்யாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவள் அழுதாள். கத்தினாள். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தாள். அது ஹால்வரை உருண்டது. எடுக்கப் போன அப்பாவிடம் "எடுக்காதீங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஃபுட்பால்காரனைப் பிடித்து எழுந்தாள். சட்டம் தாங்கியது. டென்னிஸுக்குக் கை நீட்டினாள். நுனிவிரல்கூட எட்டவில்லை.

"ரொம்பத் தள்ளி வச்சுட்டீங்கப்பா" என்றாள். "நடுவுல இன்னொண்ணு வேணும். அதுல என் படத்தப் போடுங்க. நான் தாண்டுற படம்."

அவர் மெஷின் வாங்கத் தச்சர் கடைக்கு ஓடினார். நான் தேக்கு எடுக்கக் கடைக்கு ஓடினேன்.