நூர் ஜெராக்ஸிலிருந்து ஒரு போன்

மிஷன் வீட்டில் சமைக்கும் அம்சம் அக்காவின் லேடீஸ் சைக்கிளில் முன் பிரேக் கிடையாது. பின் பிரேக்கைப் பிடித்தால் செயின் கழன்றுவிடும். அது தெரிந்தும் அன்பரசன் புதாற்றுப் பாலத்து இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தவில்லை. எதிரே வந்த டவுன் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே அவனை உரசிப் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி அவன் குடும்பத்தைப் பற்றி ஏதோ விசாரித்தார். பதில் சொல்ல நேரமில்லை. மிஷன் வீட்டில் மதிய ஜெபத்துக்காக எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ராஜ்குமார் அண்ணன் ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் ஆமென் வராது, அந்த ஒரு தைரியம்தான். அதற்குள் நூர் ஜெராக்ஸுக்குப் போய், ஜெகபர் அலி பாயைத் தனியாகப் பிடித்து, ஒரே ஒரு விஷயம் பேசிவிட்டு, போன தடம் தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மிஷன் ஆபீஸ் நம்பருக்கு ஒரு போன் வந்தது. எடுத்தவர் ராஜ்குமார் அண்ணன். மொசாம்பிக்கில் ஒன்பது வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். தஞ்சாவூரில் இந்த வீட்டுக்கு வார்டனும் அவரே, போர்ச்சுகீசிய வாத்தியாரும் அவரே. பேசிய ஆள் வாயில் துணியை அடைத்துக்கொண்ட மாதிரி பேசினானாம். "நீடாமங்கலத்துப் பையன் அன்பரசனை நம்பாதீங்க. ஊர்ல ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கான். அனுப்புனா உங்க பேருதான் கெடும்." அவ்வளவுதான், லைன் கட்.

போகிறவன் மூன்று வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது மிஷனின் கட்டளை. போன் நிஜமென்றால் அன்பரசன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நீடாமங்கலத்துக்கே போக வேண்டியதுதான். இந்த வருஷம் மொசாம்பிக்குக்கு ஒரே இடம். அவன் இல்லையென்றால் ரஞ்சித். பயிற்சிக்கு இருந்ததே அந்த இரண்டு பேர்தான்.

இன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே ராஜ்குமார் அண்ணன் சாவகாசமாகச் சொன்னார்: "அந்த நம்பர் யாருதுன்னு பாத்துட்டேன். நம்ம நூர் ஜெராக்ஸ். மத்தியானம் அன்பு அப்பா வர்றார்ல, அவருக்கும் விஷயத்தைச் சொல்லியாச்சு, எல்லாருமாப் போய் ஒரு வார்த்தை கேட்டுடுவோம். பாய் ஒரு மூஞ்சியப் பாத்தா மறக்குற ஆளில்ல."

சொல்லிவிட்டு அவர் பார்த்தது ரஞ்சித்தை. செவ்வாயன்று பாடங்களை ஜெராக்ஸ் எடுக்கப் போனவன் அவன். அன்பரசன் காய்கறி வாங்கப் போயிருந்தான். பயிற்சிக்கு வந்த அன்றே இருவர் செல்போனும் பீரோவுக்குள் போய்விட்டது. வெளியே பேச வேண்டுமென்றால் யாரிடமாவது இரவல் கேட்டால்தான் உண்டு. ரஞ்சித் அதற்கப்புறம் சட்னியைத் தொடவில்லை.

நூர் ஜெராக்ஸின் ஷட்டர் தரையைத் தொட்டுக் கிடந்தது. அன்பரசன் இரண்டு தரம் தட்டினான். பக்கத்துத் தையல் கடையிலிருந்து அனீஸா எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையில்ல இன்னைக்கு? ஜும்மாவுக்குப் போயிட்டாரு. ரெண்டு மணி ஆவும். ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதுதான் நெஞ்சு முழுக்க இருந்தது. "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

மிஷன் வீட்டின் பின்பக்கம் கொய்யா மரத்தடியில் சைக்கிளைச் சாத்தும்போது ரஞ்சித் அங்கே நின்றிருந்தான்.

"பாய் கடைக்குத்தானே போன? யாருன்னு கேக்கவா?"

"கடை சாத்திக் கெடக்கு."

"நான்தான்னு நீயும் நெனைக்கிறியா?"

"இல்லடா. நீ இல்ல."

"அண்ணனே சந்தேகப்படுறாரு. நீ எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

அன்பரசன் கழன்ற செயினை மாட்டக் குனிந்தான். கை முழுக்க கிரீஸ் ஆனது, செயின் ஏறவில்லை. ரஞ்சித்தே உட்கார்ந்து ஒரே இழுப்பில் மாட்டிவிட்டான். தரங்கம்பாடிப் பக்கம் படகு இஞ்சினைப் பிரித்து மாட்டி வளர்ந்த கை.

"நான் ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கே எங்கப்பா படகுல எம் பங்கைத் தம்பிக்கு எழுதிட்டாருடா" என்றான், சக்கரத்தைப் பார்த்தபடி. "மொசாம்பிக்குக்கு நீயே போ. நல்லாப் போயிட்டு வா. ஆனா திருட்டுப் போன் போட்டவன்னு பேர் வாங்கி இங்கேருந்து எறங்குனா, எனக்குப் போறதுக்கு எடம் இல்ல."

இந்தக் கணக்கு அன்பரசன் மனதில் இல்லவே இல்லை. உள்ளே வகுப்பு மணி அடித்தது.

போர்ச்சுகீசியம் முதல் நாள் சுலபமாகத்தான் தெரிந்தது. ஜன்னல், மேசை, சாவி என்று கைக்கு எட்டியதெல்லாம் அந்தப் பாஷைக்காரன் விட்டுப் போனது என்று அண்ணன் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இனிமேல் என்ன, மொழி பாதி வந்த மாதிரிதான் என்று அன்பரசன் அன்று நிம்மதியாகத் தூங்கினான். அடுத்த நாள் வேண்டாம் என்று சொல்லப் பழக்கினார்கள். 'நாவ்ங்' என்று ஒரு சொல். அதைப் பாதி வாயாலும் பாதி மூக்காலும் சொல்ல வேண்டும். இத்தனை நாளாகியும் அது அவனுக்குப் படியவில்லை.

"எவு கேரு ஆக்வா. எனக்குத் தண்ணி வேணும். இப்ப வேணாம்னு சொல்லு, அன்பு."

"எவு... நாவு கேரு ஆக்வா."

"நாவு இல்லப்பா. சளி புடிச்சவன் மாதிரி சொல்லணும். ரஞ்சித்?"

"எவு நாவ்ங் கேரு ஆக்வா" என்றான் ரஞ்சித், தலையைத் தூக்காமல். சுத்தமாக வந்தது.

"பாத்தியா? இந்த ஒத்தை வார்த்தை வரலைன்னா அந்த ஊர்ல தட்டுல வைக்கிறதையெல்லாம் தின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்று அண்ணன் சிரித்தார். அன்பரசன் ஜன்னலைப் பார்த்தான். கேட்டைத் திறந்துகொண்டு அப்பா வந்துகொண்டிருந்தார்.

மருதையன் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஸ்தோத்திரம் சொன்ன கையோடு, உட்காரக்கூட இல்லாமல், செல்போனை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். திரையில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. கடன் வாங்கின கோட்டில் அன்பரசன், பின்னால் ஒரு விமானம், கீழே கொட்டை எழுத்தில்: 'மொசாம்பிக் தேசத்துக்குப் புறப்படும் எங்கள் தெருவின் முதல் மிஷனரி.'

"நீடாமங்கலம் ரயில்வே கேட்டாண்ட வெச்சிருக்கோம்ங்கய்யா. கேட்டு போட்டா லேசுல தெறக்க மாட்டான். அம்புட்டு வண்டியும் நிக்கும். நிக்கிறவன் வேற எங்க பாப்பான், எம் மவன் மூஞ்சியத்தான் பாத்தாகணும்." குரலைத் தாழ்த்தினார். "பண்ணை வீட்டுக்காரரு கார் கண்ணாடிய எறக்கி, யாரு மருதையா, உம் மவனான்னு கேட்டாரு. எங்கப்பன் அவங்க வாசல்ல செருப்பைக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நின்ன ஆளு. நான் சைக்கிள விட்டு எறங்கல. குந்துன வாக்குலயே ஆமாங்கன்னேன்."

ராஜ்குமார் அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கன்வென்ஷன் கூட்டத்துல, ஊழியத்துக்கு யார் போவீங்கன்னு கேட்டப்ப மொத ஆளா எந்திரிச்சவன்யா இவன். இவன் மேல எவன் சேத்தை வாரி எறைச்சான்னு தெரிஞ்சாகணும். இவனுக்குப் பொண்ணாவது, வாக்காவது. எனக்குத் தெரியாதா எம் புள்ளைய?"

எழுந்தது உண்மைதான். ஜமக்காளத்தில் வெகு நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்ததில் இடது கால் மரத்துப்போய்விட்டது. சற்று நின்றால் ரத்தம் ஓடும் என்று எழுந்தான். பிரசங்கியார் மேடையிலிருந்து அவனை நோக்கிக் கையை நீட்டினார். பின்னால் கைதட்டல் வெடித்தது, அம்மா பெண்கள் வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்போதே உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவர்மேல் அவனுக்கு விசுவாசம் உண்டு, அதில் குறையில்லை. அவர் கூப்பிட்ட சத்தம்தான் கேட்கவில்லை. கேட்காமலே சட்டை தைத்தார்கள், கறிச்சோறு போட்டார்கள், ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். தானே வேண்டாமென்று திரும்பிப் போகிறவன் அந்தக் கேட்டை எப்படித் தாண்டுவான்? எவனோ ஒருவன் கெடுத்துவிட்டான் என்று போனால் ஊரே அவன் பக்கம் நிற்கும்.

"வாங்க, கடை தெறந்திருக்கும்" என்றார் அண்ணன்.

நான்கு பேரும் பாலத்தின் மேல் நடந்தார்கள். மருதையன் மகனின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். அன்பரசன் வளர்ந்த பிறகு அவர் அப்படிக் கை போட்டதே இல்லை. ரஞ்சித் பத்தடி பின்னால் வந்தான். அவன் செருப்புச் சத்தம் அன்பரசனின் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. அப்பா, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிடலாம். பாலம் முடிவதற்குள் சொல்லிவிடலாம். பாலம் முடிந்தது.

கடையில் ஜெகபர் அலி தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் யாருடைய பட்டாவையோ மெஷினில் வைத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது. ராஜ்குமார் அண்ணன் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் பாய் நிமிர்ந்து, எல்லோரையும் தாண்டி அன்பரசனைப் பார்த்து, முகம் மலரச் சிரித்தார்.

"வாங்க தம்பி. தொழுகை நேரத்துல வந்து தேடுனீங்களாமே, அனீஸா சொன்னுச்சு. தொண்டை தேவலையா? செவ்வாக்கெழமை காய்கறிப் பையும் கையுமா வந்து, கர்ச்சீப்பால வாயப் பொத்திக்கிட்டுல்ல பேசுனீங்க. இன்னும் ஒரு கால் பண்ணணுமா? பண்ணிக்குங்க, அதுக்கென்ன."

சட்டைப் பையிலிருந்து தன் செல்போனை எடுத்துக் கவுன்டருக்கு மேல் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் நின்றிருந்தது. மெஷினின் வெளிச்சம் மறுபடியும் புறப்பட்டு, நீட்டிய கையைத் தாண்டி, அன்பரசனின் முகத்தைத் தாண்டி, தோளில் இன்னும் அப்படியே கிடந்த அப்பாவின் கைமேல் ஊர்ந்து போனது.