நத்தை பதித்த சந்து

இரண்டாம் நாள் காலையிலேயே முழங்கால் இரண்டும் காய்ச்சிய கம்பி நுழைத்ததுபோல் எரிந்தன. நாற்பது வருடம் லிஸ்பன் தெருக்களில் முட்டி போட்டுக் கல் பதித்த கால்கள். இப்போது அதே தெருக்களில் நடப்பதற்கு மருமகள் பணம் கட்டியிருந்தாள். மூன்று நாள் நடைச் சுற்றுலா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டவனுக்குப் பரிசாம்.

மொத்தம் பன்னிரண்டு பேர். என்னையும் என் மனைவி கிராசியெத்தையும் தவிர எல்லோர் கையிலும் மலையேறுகிற கோல். ஏற்றத்துக்கு ஒரு பெருமூச்சு, திருப்பத்துக்கு ஒரு படம். சன்னலில் காயப்போட்ட உள்பாவாடையைக்கூட விட்டுவைக்கவில்லை. வெறுங்கையோடு மேடு ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கினால் அதற்குப் பெயர் அனுபவம். நாங்கள் மணல் மூட்டையோடு ஏறியபோது அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

வழிகாட்டி லொரென்சு சிவப்புக் குடையை உயர்த்தியபடி ஒரு சந்தில் நின்றான். வெள்ளைக் கல் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கல்லால் ஒரு நத்தை.

"நல்லா பாத்துக்குங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி துறவிங்க விட்டுட்டுப் போன ரகசியக் குறி. பொறுமைக்கு அடையாளம்."

ஒருத்தி குனிந்து அதைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"துறவியாவது மண்ணாவது! இது செஃபெரினு போட்டது தம்பி. எண்பத்தேழுல. பக்கத்துல உக்காந்து நான் கல்லு ஒடைச்சேன்."

செஃபெரினு வேலையில் மெதுவு. நத்தை என்றே கூப்பிடுவோம். அவன் கோபப்பட மாட்டான். முடித்த தெருவிலெல்லாம் ஒரு நத்தையைப் பதித்துவிட்டுப் போவான். இதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

லொரென்சுவின் முகம் சுண்டியது. "ஓ... பெரிய கலைஞரா ஐயா?"

"வேலைய விட்டுத் துரத்துனாங்க. மொத மழைக்கே இந்த எடம் உள்வாங்கிடுச்சு."

"அப்போ நத்தைக்கு வேகமும் இல்ல, வேலையும் தெரியல!" என்றார் எங்களோடு வந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கிராசியெத் சிரிக்கவில்லை. என் முழங்கையைக் கிள்ளினாள். "மீதியையும் சொல்லுங்க."

மீதி இதுதான். கல்லை அடுக்கி, இடுக்கில் மணல் தூவி, தண்ணீர் தெளித்து, தரையை இறுக்கும் திமிசுக்கட்டையால் மூன்று தடவை குத்த வேண்டும். அன்று குத்துவது என் முறை. சாயங்காலம் பந்தாட்டம். ஒரே தடவை குத்திவிட்டு ஓடினேன். மழையில் தரை தொட்டிபோல் இறங்கியது. மேஸ்திரி ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. குழிக்குப் பக்கத்திலேயே நத்தை இருந்தது. செஃபெரினு என்னைப் பார்த்தான். நான் என் சுத்தியலைப் பார்த்தேன். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. கருவியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். குழியை நிரப்பிக் கல் பதித்தவன் நான்தான்.

வாயைத் திறந்தேன். அதற்குள் சிவப்புக் குடை திருப்பம் தாண்டிவிட்டது. கோல்கள் டக்டக்கென்று பின்னால் போயின.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், பரெய்ரு ஊர்லதான் செஃபெரினு இன்னும் இருக்காராம். படகுல இருபது நிமிஷம்," என்றாள் கிராசியெத்.

"முட்டி வலிக்குதுடி."

"நாக்குல ஏது முட்டி?"

அன்று மாலை படகுத்துறை வழியாகத்தான் விடுதிக்குத் திரும்பினோம். நான் படகைப் பார்க்காமல், கோல் ஊன்றி நடந்தவர்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தேன். அது சுலபம். மூன்றாம் நாளும் நடந்து முடித்து ஊருக்கு ரயில் ஏறினோம்.

முழுசாய்க் குத்தாமல் ஓடியவன் நான் என்ற ஒரு வாக்கியம், செஃபெரினுவுக்கு நான் இன்னும் கொடுக்காத கடன்.