தூக்கம் தீர்ந்ததும்

படகிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிடலாம் என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்திருந்தார். இறங்கியதும் பெட்டியை யார் தூக்குவது என்று பேச்சு வந்து அது அப்படியே போய்விட்டது. சரி, அறைக்குப் போய்ச் சொல்லலாம். அறைக்குப் போனால், அவர் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவைக் கேட்ட பிறகு எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சொல்ல வேண்டிய சேதி இதுதான். படுத்த படுக்கையாகக் கிடக்கிற அவருடைய அப்பாவை அடுத்த மாதத்திலிருந்து அண்ணன் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு இப்போது இல்லை. அண்ணனும் அண்ணியும் வெளிநாட்டில் இருக்கிற மகனோடு போய் இருக்கப் போகிறார்கள், திரும்பி வருகிற உத்தேசமும் இல்லை. அண்ணன் போனில் இதைச் சொன்னபோது நம் ஆள் சொன்ன பதில், "சரிண்ணா." கட்டின பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாய் அப்படிப் பழகிவிட்டது, அண்ணன் என்று வந்துவிட்டால் அதற்கு வேறு சொல்லே தெரியாது.

அப்பா பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார். பேச்சு போய்விட்டது, ஒரு கையில் மட்டும் கொஞ்சம் அசைவு உண்டு. அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று விட்டாள். கொஞ்ச நாள் வருஷங்களாகிவிட்டது. மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டாள். ஆறு மாசம் நீ, ஆறு மாசம் நான் என்று அண்ணன் சொன்னதென்னவோ வாஸ்தவம். அவர் முறை வந்தபோதெல்லாம் மகனுக்குப் பரீட்சை வந்தது, வீட்டுக்கு வெள்ளையடிப்பு வந்தது, கடைசியாக அண்ணிக்கு முழங்கால் வலி வந்தது. அந்த முழங்காலும் கெட்டிக்கார முழங்கால், முறை வரும்போது மட்டும்தான் வலிக்கும்.

இந்தப் பயணம்கூட அண்ணன் தயவுதான். கல்யாணமான புதிதில் இவரும் மனைவியும் போன தீவுக்கே டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ஒரு வாரம் நாங்கள் வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். எப்படி இளைத்துப் போயிட்டே பாரு என்று அண்ணி அவள் கன்னத்தைத் தொட்டுக் கண் கலங்கினாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவளோ பாவம், நிஜமான அக்கறை என்று நம்பிப் பெட்டி கட்டினாள். இவர் பக்கத்தில் நின்று பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

தீவில் அப்போது தங்கின பழைய வீடுதான், அதே மாடி அறைதான். கீழே இருக்கிற வீட்டுக்காரம்மா, உங்களை நல்லா ஞாபகம் இருக்கு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். பொய் என்று மூவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்க இதமாக இருந்தது. ஜன்னல் கம்பியில் உப்புக்காற்று பிடித்துத் துரு ஏறியிருந்தது. காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்றது. அதை ஸ்டூல் போட்டு ஏறிச் சரிபண்ணப் போனவரை அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அந்தக் காலத்தில் வந்தபோது கரை முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். அவள் செருப்பை அலை இழுத்துக்கொண்டு போக, அதைப் பிடிக்கிறேன் என்று இவர் விழுந்து புரள, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். இந்த முறை கரையில் கொஞ்ச தூரம் நடந்ததுமே உட்கார்ந்துவிட்டாள். கடல் எங்கயும் ஓடிடாது, இங்கேயிருந்தே பார்க்கலாம் என்றாள். இவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சும்மா இருக்கும்போது லிஃப்ட்காரருக்குத் தன் உடம்பு எவ்வளவு அசந்து கிடக்கிறது என்று தெரிந்தது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்று யார் மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், குளிக்கும்போதுகூட போனைக் குளியலறை அலமாரியில் வைத்துக்கொள்கிற பிழைப்பு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள்.

ஆனால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. படுப்பாள், கண் திறந்தே இருக்கும். பக்கத்து அறையில் யாராவது இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தூங்கத்தானே வந்தோம் என்று இவர் கேட்டால், காது தூங்க மாட்டேங்குது என்பாள். வாய் மட்டும் ஓய்வில்லாமல் அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசியது. பல் டாக்டர் அவளை மறக்கவில்லையாம். வந்து சேருங்க என்று அவரே போன் பண்ணிச் சொன்னாராம், முதல் தேதி சேர வேண்டுமாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் பதிவாம், போகப் போகக் கற்றுக்கொள்ளலாமாம். வேலைக்கு எடுத்துப் போக என்று ஒரு கைப்பை வாங்கியிருந்தாள். தீவுக்கு எதற்கு அது? கொண்டுவந்திருந்தாள், அறைக்குள்ளேயே தோளில் மாட்டிப் பார்த்தாள். லிஃப்ட்காரர் எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். ஒவ்வொரு நாளும் மென்று முழுங்குவதிலேயே போயிற்று. இன்னும் ஒரே ஒரு ராத்திரிதான் பாக்கி, மறுநாள் காலை படகு என்று வந்து நின்றது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படுத்தார்கள். சாப்பாடு கனம், வெளியே வெயில் கொளுத்தியது. இவர் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். அவளும் என்ன அதிசயமோ கொஞ்சம் கண்ணயர்ந்தாள், மூச்சு சீராக வந்தது.

அரைத்தூக்கத்தில் இருந்த இவர் தோளுக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை இடுப்பைப் பிடித்தது. இவர் எதிர்ப்பக்க முழங்காலை யாரோ மடக்கினார்கள். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் உடம்பு அலுங்காமல் ஒரு பக்கமாகப் புரண்டிருந்தது. கண்ணைத் திறந்தார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கண் பாதி மூடியிருந்தது, முகத்தில் தூக்கம் அப்பியிருந்தது. தலையணையை எடுத்து இவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். இன்னொன்றை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்தாள். தலையணையில் மடங்கிக் கிடந்த இவர் காதை விரலால் நிமிர்த்திவிட்டாள். முதுகில் சட்டையைத் தூக்கி, இல்லாத பவுடரைத் தடவினாள். பிறகு, "ஆச்சு மாமா. அவ்ளோதான். தூங்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்த் தன் பக்கம் படுத்தாள்.

இவர் அசையவில்லை. அசைந்தால் அவள் விழித்துக்கொள்வாளோ என்கிற பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அப்பாவுக்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இவருக்கும் தெரியும்தான். தெரிந்து என்ன? ஊர் ஜனத்தையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற மனுஷன், பெற்ற அப்பனை ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்ததில்லை. அதெல்லாம் தானாக நடந்துகொண்டிருந்தது என்றே நினைத்திருந்தார். அது எப்படி நடந்தது என்று தன் உடம்பில் பட்டபோதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதார்.

அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்ததும் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. அண்ணன் போகிறது, தான் சரி என்றது, டிக்கெட் எடுத்துக் கொடுத்த காரணம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் துண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். திட்டுவாள், துண்டை வீசி எறிவாள் என்று இவர் தயாராக நின்றார். எறிந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்குக் கோவம் வரணும். வரும் வரும்னு பார்க்கறேன், வரமாட்டேங்குது" என்றாள். "கோவப்படக்கூட உடம்புல தெம்பு வேணும் போல."

இவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "மாமா மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு. ஆனா முதல் தேதி நான் வேலைக்குப் போவேன். அவரை யார் பார்க்கறதுன்னு அண்ணனும் தம்பியும் பேசிக்குங்க. நாளைக்கு நீங்க மட்டும் போங்க."

"நீ?"

"நான் இங்கயே இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தூக்கம் தீர்ந்ததும் வரேன்" என்றாள்.

வேலைக்கு என்ன சொல்வது, போன் வந்துகொண்டே இருக்குமே என்று இவர் இழுத்தார். லீவு போடுங்க என்றாள். அவ்வளவு நாள் லீவு தர மாட்டார்களே என்றார். "நான் வேலையையே விட்டேன்" என்றாள், அதையும் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவை எப்படிப் புரட்டுவது என்று தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அவள் அவரையே பார்த்தாள். ஒரு வினாடி சிரிப்பு வருவதுபோல இருந்தது, வரவில்லை.

மறுநாள் காலையில் இவர் பெட்டியில் தன் துணிகளை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். "வாங்க. நான்தான் மாமா. புரட்டுங்க" என்றாள்.

கையைக் கழுவிட்டு வாங்க என்பதிலிருந்து பாடம் ஆரம்பித்தது. முதல் தடவை தோளைப் பிடித்து இழுத்தார், உடம்பு மேலே மட்டும் முறுக்கிக்கொண்டு வந்தது. இழுக்கக் கூடாது, தோல் உரிஞ்சிடும் என்றாள். அவள் கொஞ்சமும் ஒத்தாசை செய்யவில்லை, மரக்கட்டை மாதிரி கிடந்தாள். மோட்டாரும் இரும்புக் கயிறும் தூக்கிப் பழகின கைதான், ஆனாலும் ஒத்துழைக்காத ஓர் ஆளின் கனம் என்ன என்பது அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது. எதிர்ப்பக்க முழங்காலை மடக்குங்க, ஒரு கை தோளுக்குப் பின்னால, ஒரு கை இடுப்புக்கு, உங்க பக்கமா உருட்டுங்க, முதுகை வளைக்காதீங்க, என்னை மாதிரி ஆயிடுவீங்க என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, அந்தச் சுருக்கமே புண்ணாகும் என்றாள். புரட்டினதும் குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை மூன்றிலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிவப்பு இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது என்றாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது.

இரண்டாம் தடவை பரவாயில்லை என்றாள். மறுபடி ஒரு தடவை என்று அவளை மறுபக்கம் புரட்டினார். முழங்காலை மடக்கி, கை வைத்து, மூச்சைப் பிடித்து, அலுங்காமல் உருட்டினார். முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். விரிப்பை இழுத்துச் சுருக்கம் எடுத்தார். இப்போ சரியா என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். குனிந்து பார்த்தால் அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிப்போயிருந்தாள், காது உட்பட முழுசாக.

சொல்லிக் கொடுத்தபடி குதிகாலைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், தோள்பட்டையைப் பார்த்தார். எங்கேயும் சிவப்பில்லை. படுத்துக் கிடந்து புண்ணாக அவளுக்கு எங்கே நேரம் இருந்தது.

பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அறையை யாரும் தட்ட வேண்டாம், சாப்பாட்டுக்குக்கூட எழுப்ப வேண்டாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். துறையில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் போட்டார். சாயங்காலம் தான் மட்டும் வருவதாகவும், வந்ததும் அப்பாவைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும், பேசி முடிக்காமல் யாரும் எங்கேயும் கிளம்ப முடியாது என்றும் சொன்னார். அண்ணன் என்னென்னவோ கேட்டார். இவர் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

படகுக்காரர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு பேர் என்று போட்டிருந்தது.

"இன்னொருத்தர் வரலையா?"

"அவ தூங்கறா" என்றார் லிஃப்ட்காரர். எழுப்பிக் கூட்டிட்டு வாங்க, கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறேன் என்றார் படகுக்காரர். வேண்டாம், நீங்க எடுங்க என்று சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார்.