மொட்டு வைக்காத சாமந்தி

சாமந்திக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாய் அள்ளிப் போடுவதற்குள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வயலுக்கு நடந்தார். காலையிலிருந்து இது நாலாவது நடை. போய்ப் பார்த்தால் அதே செடி, அதே இலை. கரும்பச்சையாய்த் தளதளவென்று, கண் பட்டுவிடும்போல நின்றன. மொட்டுதான் இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்த வயல்களில் எல்லாம் மொட்டு கட்டி மஞ்சள்கூட எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

பூ வந்தால்தான் மகள் படிப்புக்குத் திரும்ப முடியும். நர்ஸ் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வருஷம் முடிவதற்குள் வந்தால் இடம் உண்டு என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். “இந்த ஒரு பூ வரட்டும் பாப்பா, வேலைய விட்டுட்டு நீ காலேஜுக்குப் போ” என்று அவரும் பெருமையாக வாக்குக் கொடுத்திருந்தார்.

யாரையாவது திட்டாமல் அவரால் இருக்க முடியாது. முதலில் வெயிலைத் திட்டினார். பிறகு தப்பிய மழையை, பிறகு உரத்தை. வயலோரம் விளக்குக் கம்பத்தடியில் குவிந்து கிடந்த கற்களைக்கூட விடவில்லை. எந்தக் கழுதை தினமும் கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று கத்திக்கொண்டே அவற்றைப் பொறுக்கிப் பாதையில் வீசினார். கடைசியில் நாற்று விற்றவருக்குப் போன் போட்டார்.

“என்னய்யா நாத்து குடுத்திருக்க? எல்லாம் மலட்டு நாத்து!”

“அண்ணே, வார்த்தைய அளந்து பேசுங்க. அதே நாத்துதான் உங்க மேற்கு வயல்காரருக்கும் குடுத்தேன். அவருக்கு மொட்டு வெச்சிருக்குல்ல? ராத்திரி நீள ஆரம்பிச்சா சாமந்தி தானா மொட்டு வைக்கும். நீங்க என்ன கோளாறு பண்ணீங்களோ?”

“ராத்திரிய நானாய்யா சுருக்கினேன்?” என்று எகிறிவிட்டுப் போனை வைத்தார். நல்ல பதிலடி கொடுத்துவிட்ட திருப்தி கொஞ்ச நேரம் இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்து கூப்பிட்டாள். “ஏங்க, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால வந்து பாருங்க. அங்க மட்டும் மொட்டு வெச்சிருக்கு.”

ஓடினார். உண்மைதான். கொட்டகையை ஒட்டிச் சாய்வாக ஒரு பட்டை நிலத்தில் மட்டும் செடிக்குச் செடி மொட்டு. அதைத் தாண்டி ஒரு முழம் போனால் வெறும் இலை.

“குழாய் கசியுதுல்ல, அந்த ஈரம்தான்” என்றார்.

“அப்ப வயல் பூரா குழாய உடைச்சு விடுங்க” என்றாள் அவள். “நிக்கிற எடத்துல நின்னு யோசிச்சாத்தானே எதுவும் புரியும். காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுத் திரியுறீங்க.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இருட்ட ஆரம்பித்தது. பாதைத் திருப்பத்திலிருந்த கம்பத்தின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. வயல் முழுக்க வெள்ளை வெளிச்சம். அவர் மட்டும் கொட்டகையின் நிழலில் இருந்தார். நிழல் சாய்வாக விழுந்திருந்தது. அது எங்கே முடிந்ததோ, மொட்டும் சரியாக அங்கேயே முடிந்தது.

ராத்திரியைச் சுருக்கியவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

அந்த விளக்கு மகளுக்காக வந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் திருப்பம் கும்மிருட்டு. அதற்காக மனைவிதான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். லைன்மேன் வந்த அன்று அவள் வீட்டில் இல்லை. போன வருஷம் யாரோ விடிவதற்குள் பூவைப் பறித்துக்கொண்டு போன எரிச்சல் இவருக்கு. லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, விளக்கை வயல் பக்கம் திருப்ப வைத்தார். பாதை இருட்டாகவே இருக்கிறதே என்று வீட்டில் கேட்டபோது, “அது அப்படித்தான் மாட்டுவாங்க, இந்தப் பக்கம் திரும்பாது” என்று கூசாமல் சொன்னார். அவர்களும் நம்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம் லைன்மேன் ஏணியோடு வந்தார்.

“என்னண்ணே, அன்னிக்கு வயல் பக்கம்னீங்க, இன்னிக்கு ரோட்டுப் பக்கமா? பூவுக்குக் காவல் வேணாமா?”

“செடி தூங்கணும்யா. தூங்கினாத்தான் மொட்டு வைக்குமாம். சீக்கிரம் திருப்பு.”

“இனிமே வைக்குமா?”

“நாத்துக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அதையும் கேட்டேன். இன்னிலேருந்து இருட்டு கிடைச்சா, பூ தள்ளிப் போனாலும் வருஷம் முடியறதுக்குள்ள வந்துருமாம்.” சொல்லும்போது குரல் இறங்கியது. வந்துவிட வேண்டுமே என்று மனம் பதைத்தது.

விளக்கை அணைத்துவிட்டு லைன்மேன் மேலே முடுக்கிக்கொண்டிருந்தார். பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. இருட்டில் செல்போன் வெளிச்சம் ஒன்று பாதையில் வந்தது. முதலில் நடந்து வந்த வெளிச்சம், திருப்பம் நெருங்கியதும் குலுங்கியது. மகள் ஓடி வருகிறாள் என்று சாமந்திக்காரருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. தினமும் அவள் வீட்டுக்குள் நுழைவதைத்தான் பார்த்திருக்கிறார். வந்ததும் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாளே, அது வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தார்.

லைன்மேன் இறங்கி சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் பாதையில் நேராக அவள்மேல் விழுந்தது. கண் கூசி நின்றாள். மூச்சு வாங்கியது. ஒரு கையில் போன். இன்னொரு கையில் கைப்பிடி அளவு கல்.

“அப்பா? நீங்களா?” என்றாள். விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். “இது இந்தப் பக்கம் திரும்பாதுன்னீங்களேப்பா?”

லைன்மேன் ஏணியை மடிப்பதில் மும்முரமானார்.

அவள் போன் வெளிச்சத்தை அணைத்தாள். தினமும் செய்கிற பழக்கத்தில், கையிலிருந்த கல்லைக் கம்பத்தடியில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.