தோணிக்காரனுக்கு வைத்த பெயர்

வந்திருந்தவர்கள் நால்வர். மேசையின் தலைப்பக்கத்தில், சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டியபடி கணக்கு டீச்சர். அவருக்கு இடப்பக்கம் மருந்துக்கடைக்காரர். எதிரே கதவோரம், காலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்று எப்போதும் அதே நாற்காலியைப் பிடிக்கும் பஸ் டிரைவர். ஜன்னலடியில் நான், பேனாவும் தாளுமாக. டீச்சருக்கு வலப்பக்க நாற்காலி நர்ஸ் அக்காவுடையது. அதில் யாரும் பைகூட வைக்கவில்லை.

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மருந்துக்கடைக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறை. ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இங்கே கூடி ஒரே கதையை விளையாடி வருகிறோம். இல்லாத ஒரு நாட்டை டீச்சர் விவரிப்பார். நாங்கள் ஆளுக்கொரு வேடத்தில் பேசுவோம். வெட்டுப்படுவோமா, தப்பிப்போமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். குடிநீர் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருக்கிறேன் என்பதால் இங்கும் நான்தான் ரைட்டர். நடந்ததை நோட்டில் எழுதுவதும், ஊருக்கும் ஆற்றுக்கும் பூதத்துக்கும் பெயர் தேடித் தருவதும் என் வேலை. சொந்தமாக யோசிக்கச் சோம்பல். நூலகத்தில் பல நாட்டுப் புராணங்களுக்கான தடித்த அகராதி ஒன்று இருந்தது. அதிலிருந்து எடுத்து வருவேன்.

அன்று பகடையை யாரும் வெளியே எடுக்கவில்லை. நர்ஸ் அக்காவின் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் கதையில் ஒரு தோணிக்காரன் உண்டு. எந்தக் கரை கேட்டாலும் வேறு கரையில் இறக்கிவிடுவான். டிரைவர்தான் அவனுக்குக் குரல் கொடுப்பார், மூக்கால். அவன் பெயரைச் சொன்னாலே சிரிப்போம். எல்லோரையும்விட அதிகம் சிரிப்பவர் நர்ஸ் அக்கா, கண்ணில் நீர் வரும்வரை.

மூன்று வாரத்துக்கு முன் அக்காவின் அம்மா காலமானார். குழியை மூடுமுன் அண்ணன் குனிந்து, இறந்தவரை அக்கரை சேர்ப்பவனின் பெயரைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட வேண்டுமாம். அந்தக் குடும்பத்தில் அப்போது மட்டுமே வாயில் வரும் பெயர் அது. அப்பா போனபோது அக்கா கைக்குழந்தை. அதனால் தன் வீட்டார் வாயிலிருந்து அதை இப்போதுதான் முதல் தடவை கேட்டார். எங்கள் தோணிக்காரனின் பெயர். இரண்டாவது கூப்பாட்டில் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூன்றாவது கூப்பாடு நடக்கவே இல்லை.

"அம்மாவ இக்கரையிலயே நிக்க வெச்சுட்ட. இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றாராம் அண்ணன். அக்கா இதை டீச்சரிடம் போனில் சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். அண்ணனை விட்டால் அக்காவுக்கு வேறு யாரும் இல்லை.

"நாலு தாள் கிழிச்சாச்சு ரைட்டர்" என்றார் மருந்துக்கடைக்காரர், கொட்டாவியோடு. "விளையாட்டுல வந்த வினைன்னு ஒரு வரி போட்டு முடிங்க."

"விளையாட்டுன்னு எழுதினா அந்த மனுஷன் ஆளுக்கொரு அறை விடுவாரு. தலை நரைச்ச காலத்துல பகடை என்னய்யா பகடைம்பாரு" என்றார் டிரைவர். "நானே நேர்ல போய்க் கால்ல விழுந்துடறேன். என் ரூட்டுதான்."

"நீங்க வாயத் திறந்தா அந்தக் குரல்தான் வரும். சும்மா இருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இதற்கும் யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் மூக்கைத் தடவிக்கொண்டார். டீச்சரின் கண்கள் விடைத்தாள் திருத்திச் சிவந்திருந்தன.

"தெரியாம நடந்துடுச்சுன்னு எழுதுங்க. உண்மையும் அதுதானே" என்றார் டீச்சர்.

சரி என்றேன். தேதி போடாமல் எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பெயர் வைத்த நாளைப் பார்க்க முதல் நோட்டைப் பிரித்தேன். ஏழாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. பெயர், அகராதியின் பக்க எண், அதன் கீழே: "இறந்தோருக்காக மட்டும் அழைக்கப்படுவது. மற்ற வேளைகளில் உச்சரிக்கலாகாது." அதற்கும் கீழே: "ஓசை நன்று. தோணிக்காரனுக்கு."

நோட்டை மேசை நடுவே தள்ளினேன். மூவரும் படித்தார்கள்.

"இதை யாரு பாக்கப் போறாங்க? மூடி வைங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்பவே எங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"சொல்லியிருந்தா மட்டும் அந்தப் பேர நான் விட்டிருப்பேனாக்கும்" என்றார் டிரைவர் மெதுவாக.

ஐந்தாவது தாளில் 'தெரியாமல்' என்ற சொல் இல்லை. இப்படி எழுதினேன்:

"ஐயா, அந்தப் பெயர் எதற்குரியது என்று உங்கள் தங்கைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். படித்து, கைப்படக் குறித்து வைத்துக்கொண்டுதான் கேலிக்கு எடுத்தேன். அவர் சிரித்தது உங்கள் அம்மாவைப் பார்த்து அல்ல. அது நாங்கள் ஆறு வருடம் பழக்கிவிட்ட சிரிப்பு. கோபம் என்மேல் இருக்கட்டும். இனி அந்தப் பெயர் எங்கள் வாயில் வராது. மூன்றாவது முறை நீங்கள் கூப்பிடும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்."

பெயரைக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. நான் கையெழுத்திட்டதும் மருந்துக்கடைக்காரர் பேனாவை வாங்கித் தன் பெயரைப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். பிறகு அவரே கடைக்குள் போய், சீட்டு ஒட்டும் பசையைக் கொண்டுவந்தார். உறையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தபால் நாலு மணிக்கு. டிரைவர் என்னோடு தெருமுனைவரை வந்தார்.

"சரியான எடத்துக்குப் போயிடும்ல ரைட்டர்?" என்றார், சொந்தக் குரலில்.

"விலாசத்த ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்றேன். பெட்டிக்குள் போட்டேன்.