சகலையிடம் போய்த் தட்டுவதா?

பல் டாக்டருக்குத் தொப்பை சட்டைப் பட்டனை மிரட்ட ஆரம்பித்தபோது, அவர் மச்சினியின் கணவர்தான் வழி சொன்னார். "எங்க ஜியு-ஜிட்சு மல்யுத்த கிளாசுக்கு வாங்க சகலை. ஆறே மாசத்துல உள்ள போயிடும்." வம்பு அங்கேதான் தொடங்கியது.

சகலை ஃபிரிட்ஜ் மெக்கானிக். குடும்பத்தில் டாக்டர்தான் மூத்த மாப்பிள்ளை, படித்தவர், யார் காராக இருந்தாலும் முன் சீட்டுக்காரர். ஆனால் அந்த ரப்பர் பாயில் இறங்கினால் மெக்கானிக் நீல பெல்ட், டாக்டர் வெறும் வெள்ளை.

சொல்லிக்கொடுத்தது ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. காது இரண்டும் மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பிடியில மாட்டிக்கிட்டீங்களா, தட்டுங்க. தோத்தேன்னு அர்த்தம், உடனே விட்டுடுவாங்க. அவங்க மேல தட்டுங்க, இல்ல தரையில தட்டுங்க. கை ரெண்டும் சிக்கிடுச்சா, வாயால கத்துங்க. தட்டினவங்க நாளைக்கும் வருவாங்க. தட்டாதவங்க ஆஸ்பத்திரிக்குப் போவாங்க."

டாக்டர் தாராளமாகத் தட்டினார். கல்லூரி மாணவியிடம் தட்டினார், பேக்கரிக்காரரிடம் தட்டினார். சகலையிடம் மட்டும் மாட்டேன் என்று மனசுக்குள் சபதம். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விஷயம் சந்தி சிரிக்குமே!

மூன்றாவது வாரம் மெக்கானிக் அவர் கையைப் பிடித்தார். மல்லாந்து கிடந்த டாக்டரின் முகத்துக்கு மேல் ஒரு கால், நெஞ்சுக்கு மேல் ஒரு கால், நடுவில் அகப்பட்ட கை. டாக்டர் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டார். கோத்தது வழுக்கிவிட்டது. கை நேராக நீண்டது.

"தட்டுங்க சகலை."

"முடியாது!"

முழங்கையில் 'டக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் பதறிப்போய் விட்டுவிட்டார். அந்தச் சந்தில் டாக்டர் புரண்டு அவர்மேல் ஏறி உட்கார்ந்து, "பாத்தீங்களா, தப்பிச்சிட்டேன்!" என்றார்.

"நான்ல விட்டேன்?"

"விட்டீங்களோ, விட வெச்சேனோ!"

மறுநாள் காலை முழங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. கிளினிக் நாற்காலியில் ஒரு தலைமையாசிரியை. "வலிச்சா உடனே கையைத் தூக்குங்கம்மா. வீரம் காட்ட வேண்டாம்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு டாக்டர் டிரில்லை எடுத்தார். "ஐயோ அம்மா!"

அந்தம்மா வாயைத் திறந்தபடியே கண்ணை உருட்டினார். பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்டார்: "டாக்டர், வலி எனக்கா உங்களுக்கா?"

இரண்டு வாரம் கிளினிக்கில் பூட்டு, கழுத்தில் தூளி, அதில் கை. பார்க்க வந்த மெக்கானிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மனைவி காபி டம்ளரை அவர் முன்னால் வைத்த வேகத்தில் பாதி மேசைக்குப் போனது.

"நான் விடாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சகலை? ஃபிரிட்ஜ்னா பார்ட்டை மாத்திடுவேன். உங்க கைக்கு ஸ்பேர் பார்ட் எந்தக் கடையில கேக்கறது?"

டாக்டர் சுவரைப் பார்த்தார். "என் மேலதான் தப்பு" என்றார். அது அவர் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் மனைவி திரும்பி வந்து பார்த்தாள்.

வீக்கம் வடிந்து, எலும்பு டாக்டர் சரி என்று சொன்ன பிறகு திரும்பப் போனார். மாஸ்டர் அவரைப் பாயில் கிடத்தி முதலிலிருந்து தொடங்கினார். "முழங்கை எப்பவும் விலாவோட ஒட்டியிருக்கணும். கையை நீட்டிக் கொடுக்காதீங்க. மாட்டிக்கிட்டா கையைக் கோத்துக்கிட்டு அவர் பக்கமா திரும்புங்க, எழுந்து உங்க பாரத்தை அவர் மேல போடுங்க. முழங்கை அவர் இடுப்புக்கு இந்தப் பக்கம் வந்துட்டா பிழைச்சீங்க. கோத்த கை பிரிஞ்சுடுச்சா, யோசிக்காம தட்டுங்க."

அன்று டாக்டர் தட்டிய தட்டில் கிளாசே சிரித்தது. ஒருமுறை மெக்கானிக் மூக்கைச் சொறியக் கை தூக்கியதற்கே தட்டிவிட்டார். "இன்னும் தொடவே இல்லீங்களே!" என்றார் மாஸ்டர்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே பிடி. டாக்டர் கையைக் கோத்தார், திரும்பினார், எழுந்து தொப்பையோடு மொத்தப் பாரத்தையும் இறக்கினார். முழங்கை வழுக்கி வெளியே வந்தது! வந்த சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் உயர்த்தி மாஸ்டரைத் தேடினார். அதற்குள் மெக்கானிக் அவர் முதுகில் ஏறிக் கழுத்தை வளைத்துவிட்டார்.

டாக்டர் சட்டென்று அவர் கையில் மூன்று தட்டு தட்டினார். பிடி உடனே விட்டது.

"முதல்ல தப்பிச்சது சூப்பர் சகலை. இன்னொரு ரவுண்டு?"

"இருய்யா, மூச்சு வரட்டும்" என்று டாக்டர் பாயில் மல்லாந்தார்.