சுண்டுவிரல் பக்கத்து எலும்பு

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, நூலகத்து மாடியில் வரலாற்று வட்டம் கூடும். பழைய நாணயம், இடிந்த கோட்டைச் சுவர், ஒரு தெருவுக்குப் பேர் வந்த கதை என்று யாராவது ஒருவர் பேசுவார். நாற்பது நாற்காலியில் பாதி நிறைந்துவிட்டால் தலைவருக்கு வாயெல்லாம் பல். தலைவர் என்பது பதவியாக ஆரம்பித்து அவருக்குப் பேராகவே நிலைத்துவிட்டது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடியின் காது கழன்றால் காசு வாங்காமல் திருகி முடுக்கித் தருவார். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஆள் வேண்டுமென்றால் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

எக்ஸ்ரே அக்காவை வட்டத்துக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் இருட்டறையில் இருபது வருஷமாகப் படம் எடுக்கிறவள் அவள். அண்ணன் வீட்டின் பின்னறையில் தனியாக இருந்தாள். அங்கே அண்ணிக்கு அவள் காய் நறுக்க ஒரு கை, அவ்வளவுதான். அவளைத் தலைவர், "வாங்க, நம்ம நிபுணர் வந்தாச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லி முதல் வரிசையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து மற்ற நாளெல்லாம் அந்த ஒரு சனிக்கிழமையை எண்ணித்தான் அவளுக்குப் போயிற்று.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அருங்காட்சியகத்திலிருந்து வந்து அதை எடுத்துப் போன ஆய்வாளர் குள்ளமான, கறாரான ஒரு பெண். எலும்பு ஒரு பெண்ணுடையது, தொள்ளாயிரம் வருஷமாவது இருக்கும் என்றார். வட்டத்தில் அவருக்கு 'எலும்பம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். தலைவர் அவரைப் பேச அழைத்தார். எலும்புகளைப் படம் எடுத்துத் தர எக்ஸ்ரே அக்கா ஒப்புக்கொண்டாள். சுவரொட்டியில் பேச்சாளர் பேருக்குக் கீழே தன் பேரும் வந்ததைப் பார்த்து, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

நோயாளிகள் வருவதற்கு முன், காலை ஏழு மணிக்கு, மேசைமேல் எலும்புகளைப் பரப்பினாள். பித்தானை அழுத்தப் போகும்போது பழக்கதோஷத்தில், "மூச்சைப் பிடிங்க" என்று வாயில் வந்துவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டாள். பிலிமைக் கழுவி விளக்குப் பெட்டியில் மாட்டியதும் சிரிப்பு போய்விட்டது.

இடது முன்கை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைந்து, கூடிய இடம் முடிச்சுப் போலப் புடைத்திருந்தது. பக்கத்து எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதே படத்தை அவள் ஏற்கெனவே எடுத்திருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், தலைவரின் மனைவிக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு இடப்பக்க விலா இரண்டு: முக்காலியிலிருந்து விழுந்தது. போன வருஷம் கன்னத்து எலும்பு: கதவு இடித்தது. மூன்று தடவையும் தலைவர் கூட வந்து, "என் பொண்டாட்டிக்குக் கண்ணாடி போடாம ஊருக்கெல்லாம் போட்டுட்டு இருக்கேன்" என்று சிரிக்க வைத்தார். படங்களை இங்கேயே வையுங்கள், வீட்டில் தொலைந்துவிடும் என்றவரும் அவர்தான்.

தெரியாதா என்றால், தெரியும். எப்படி விழுந்தால் எந்த எலும்பு உடையும் என்று தெரியாமல் இருபது வருஷம் அந்த வேலையைப் பார்க்க முடியாது. தெரிந்ததை எட்ட நிறுத்தி வைத்திருந்தாள். அன்றைக்கும் பிலிமை உறையில் போட்டு, ஒன்பது மணிக்கு வந்த முதல் நோயாளியைக் கூப்பிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நாற்காலி போதவில்லை. எக்ஸ்ரே அக்காவுக்கு மேடையில் இடம். ஹாலின் கடைசியில், கப்புகளை அடுக்கிக்கொண்டு தலைவரின் மனைவி நின்றிருந்தாள். கூட்டத்துக்கு டீ போடுவது எப்போதும் அவள்தான். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. யாராவது நன்றி சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

எலும்பம்மா சுற்றி வளைக்கவில்லை. படத்தைத் திரையில் போட்டு, குச்சியை முடிச்சின்மேல் வைத்தார்.

"கீழ விழறப்ப நாம என்ன பண்ணுவோம்? கையை ஊனுவோம். மணிக்கட்டு உடையும். இங்க மணிக்கட்டு சுத்தமா இருக்கு. இந்த எலும்பு மட்டும் தனியா உடையணும்னா ஒரே ஒரு வழிதான்." இடது கையை முகத்துக்கு முன்னால் மடக்கித் தூக்கிக் காட்டினார். "எதிர்ல ஒருத்தன் ஓங்கறான். தடுக்கக் கையைத் தூக்கறா. அடி இங்க விழுது."

அடுத்த படத்தைப் போட்டார்.

"விலாவுல மூணு முறிவு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல கூடியிருக்கு. எல்லாம் இடப்பக்கம். வலது கைப்பழக்கம் உள்ள ஆளு நேருக்கு நேர் நின்னு அடிச்சிருக்கணும். பல வருஷம் நடந்திருக்கு. யாருன்னு எலும்பு சொல்லாது. ஆனா வழிப்போக்கன் வருஷக்கணக்கா வந்து அடிக்க மாட்டான்."

எக்ஸ்ரே அக்கா தலைவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்திருந்தார்.

"மேடம் சொல்றது சரிதான். ஆனா ஒண்ணை மறந்துட்டாங்க. எலும்புக்கூட்டுல நாக்கு இருக்காதே! அது மட்டும் கிடைச்சிருந்தா, அந்த ஆளு பக்கத்து நியாயமும் தெரிஞ்சிருக்கும்."

சபை கொல்லென்று சிரித்தது. அவ்வளவு நேரம் மூச்சு முட்டிக் கிடந்தவர்களுக்கு ஒரு திறப்பு கிடைத்தது போல இருந்தது. எலும்பம்மா சிரிக்கவில்லை. எக்ஸ்ரே அக்கா சிரித்தாள். மேடையில் இருக்கிறோம், எல்லாரும் சிரிக்கிறார்கள், வாய் தானாக விரிந்துவிட்டது. மூடிக்கொள்வதற்குள் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து தலைவரின் மனைவி பார்த்துவிட்டாள். கணவன் பக்கம் அவள் கண் போகவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் எக்ஸ்ரே அக்கா கழுவுமிடத்துக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுத் தலைவரின் மனைவி கப்பு அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"படம் நல்லா வந்திருக்கு" என்றாள் அவள், திரும்பாமலே. "என்னோடதும் இவ்வளவு தெளிவா இருக்குமா?"

"இருக்கும்."

"மூணும் இருக்கா?"

"மூணும் பத்திரமா இருக்கு, அக்கா."

"அவளுக்காவது தொள்ளாயிரம் வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து சொன்னா. நீங்க என்கிட்ட மூச்சைப் பிடிங்கன்னீங்க, விடுங்கன்னீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டதில்ல."

குழாயை மூடிவிட்டு, தலைவரின் மனைவி முதல்முறையாக எக்ஸ்ரே அக்காவை நேராகப் பார்த்தாள்.

"அந்த மூணையும் எனக்குக் கொடுங்க. எங்க எடுத்துட்டுப் போகணும்னு நான் பார்த்துக்கறேன். செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குச் சரக்கு எடுக்கப் போவார். அன்னிக்கு வரேன்."

"தரேன் அக்கா. சத்தியமா தரேன்."

"என்ன, பொம்பளைங்க ரகசியம்?" என்று தலைவர் கதவில் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க. கப்பு கணக்கு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை எக்ஸ்ரே அக்கா மூன்று படங்களையும் தேடி எடுத்து, ஒரே உறையில் போட்டு, மேலே தேதிகளை எழுதினாள். மதியம் நாற்காலியில் சாய்ந்தபோது ஏதோ நல்லது செய்துவிட்டது போல மனம் லேசாக இருந்தது. மூன்று மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு தலைவர் வந்தார்.

"அன்னிக்கு குழாயடியில என்ன பேச்சுன்னு கேட்டேன். முதல்ல சொல்லல, அப்புறம் சொல்லிட்டா. பழைய படமெல்லாம் வேணுமாமே? நாளைக்கு அவளால வர முடியாது. உடம்பு சரியில்ல. கொடுங்க, நானே கொண்டு போறேன்."

உறை மேசைமேலேயே இருந்தது. நோயாளி வரவில்லை என்றால் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு வாங்கலாம் என்பது ஆஸ்பத்திரி விதி. அந்த விதியைத்தான் பிறகு அவள் பல தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் விதி எதுவும் ஞாபகம் வரவில்லை. அவர் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார், கொடுத்துவிட்டாள். நோட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த மாசம் நீங்களே ஒரு பேச்சு பேசணும். இப்பவே தயார் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் கழித்துத் தலைவர் மனைவியைக் கூட்டி வந்தார். மாடிப்படியில் உருண்டுவிட்டாள் என்றார். தோள்பட்டை எலும்பும், பழைய அதே இடது முன்கையும். கதிர் படும் என்று சொல்லி வழக்கம்போல அவரை வெளியே நிறுத்தி, எக்ஸ்ரே அக்கா ஈயக் கதவைச் சாத்தினாள். மூன்று தடவையும் இப்படித்தான் இருவரும் தனியாக இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம்.

"அக்கா, இந்தத் தடவை நான் எழுதறேன். அடிச்சதுன்னே எழுதறேன்."

தலைவரின் மனைவிக்கு உதடு வீங்கியிருந்தது. மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"எழுதி யார்கிட்ட கொடுப்பீங்க?"

எக்ஸ்ரே அக்கா கையை நேராக வைக்கத் தொட்டபோது அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாளே ஒழிய, ஒரு முனகல் வெளியே வரவில்லை.

எழுதியதை டாக்டர் படித்தார். கிழித்துக் குப்பையில் போட்டார். "குடும்ப விஷயத்துல நமக்கு என்னம்மா வேலை? படம் எடுக்கத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். மாடிப்படி என்று தன் கையாலேயே எழுதினார்.

ஆனால் எக்ஸ்ரே அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு பிலிமில் எடுத்திருந்தாள். ஒரு செட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் செருகி, அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள். எலும்பம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"முறிஞ்ச இடத்துலயே மறுபடி முறிஞ்சிருக்கு. இது எந்தக் காலம்? எந்தக் குழியில எடுத்தீங்க?"

"நேத்து எடுத்தேன் மேடம். உயிரோட இருக்காங்க."

எலும்பம்மா உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரே அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், உறையைத் தூக்கிக் கொடுத்தது உட்பட. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மேடையில எனக்குப் பக்கத்துல உட்கார்ந்துட்டு இருந்தீங்க. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"வீடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க வர வேண்டாம். உங்களைப் பார்த்தா அவங்க கதவைத் திறக்க மாட்டாங்க."

தலைவர் கடைக்குப் போனபிறகு எலும்பம்மா அந்த வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் தொடர்ந்து போனார். மூன்றாம் நாள் தலைவரின் மனைவி மாத்திரைப் பையோடும் உடுத்திய துணியோடும் அவர் காரில் ஏறி உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை புதிதாகப் படம் எடுத்தார்கள். தலைவர் வாங்கிப் போய் எரித்த மூன்று படத்தில் இருந்ததெல்லாம் அதிலும் இருந்தது. அவை தவிர, உடைந்து, எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமலே கூடிப்போன விரல்கள் நாலு.

போலீஸ் வந்து தலைவரைக் கூட்டிப் போன வாரம், வரலாற்று வட்டத்தில் யாரும் அதை நம்பவில்லை. நம்பினவர்களும் வெளியே சொல்லவில்லை. ஆகாத பொம்பளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல மனிதனைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஜாமீனில் வந்த அன்று பதினைந்து பேர் கடைக்குப் போய்க் கைகொடுத்தார்கள். எக்ஸ்ரே அக்காவுக்கு வேலை போனது. படத்தைத் திருடினாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "கோர்ட்டு கேஸுன்னு ஆள் வர்ற வீட்ல பிள்ளைங்களை வச்சுட்டு என்ன பண்றது?" என்று அண்ணி ஆரம்பித்தாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சாட்சி சொல்ல அழைத்த நாளில் சீக்கிரமே நீதிமன்றத்துக்குப் போய்விட்டாள். வாசல் நடையில் ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் தலைவரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. எதிர்ச்சுவர் ஓரமாக வட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எக்ஸ்ரே அக்காவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நூலகர் அவளைத் தாண்டி அப்பால் பார்த்தார்.

அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. பெஞ்சை நோக்கி நடந்தாள்.

"அக்கா, நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன். நான் பண்ணதையும் சேர்த்துச் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க" என்றாள் தலைவரின் மனைவி. குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை. நல்ல கையால் மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தாள்.

சாட்சிக்குக் கூப்பிடும்வரை எக்ஸ்ரே அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.